பரணிலிருந்து இறங்கிய ஜாடி

இரண்டு வருஷத்துக்கு முன், பங்குனி மாதம். வாசலில் மாவடு வந்தது. அத்தை (என் மாமியார்) பேரம் பேசி இரண்டு படி வாங்கிவிட்டார். நான் கொல்லையில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். "ஜாடியை எடுத்துத் தாம்மா" என்று கூப்பிட்டிருந்தால் ஓடி வந்திருப்பேன். கூப்பிடவில்லை. 71 வயதில் முக்காலி போட்டு ஏறிவிட்டார். கை ஜாடியில் படுவதற்குள் முக்காலி சாய்ந்துவிட்டது. பீங்கான் ஜாடி பரணில் பத்திரமாக இருந்தது. அத்தையின் இடது மணிக்கட்டுதான் முறிந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு.

அந்த ஜாடியைப் பரணில் ஏற்றியது நான்தான். மிக்ஸிக்கும் என் எவர்சில்வர் டப்பாக்களுக்கும் இடம் வேண்டுமென்று, அத்தையின் ஜாடி, கல்சட்டி எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக மேலே அனுப்பியிருந்தேன். அவர் இன்றுவரை அதைப்பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

என்னவர் உடனே, "எல்லாத்தையும் இடிச்சிட்டு மாடர்ன் கிச்சன் போட்டுடலாம்" என்று கிளம்பிவிட்டார். ஒரு கடைக்குப் போனோம். அங்கிருந்த பையன் கம்ப்யூட்டரில் கலர் கலராகப் படம் காட்டி, இரண்டரை லட்சத்துக்கு மேல் ஒரு கணக்கும் கொடுத்தான். தலைக்கு மேலே வரிசையாக அலமாரிகள்! வீட்டில் சமைப்பவர் என்ன உயரம் என்று அவன் கேட்கவே இல்லை. நான் பேசாமல் வீட்டுக்கு வந்து, தையல் மெஷின் டிராயரிலிருந்து இஞ்ச் டேப்பை எடுத்தேன்.

எங்கள் சமையலறையில் இரண்டு சுவர் அலமாரிகள். கடப்பாக் கல் தட்டு, மரக்கதவு. தட்டுக்கும் தட்டுக்கும் நடுவே 18 அங்குலம். தினம் எடுக்கும் டப்பாக்களில் உயரமானதே 7 அங்குலம்தான். மீதி 11 அங்குலமும் வெறும் காற்று! இத்தனை நாள் காற்றையா பூட்டி வைத்திருந்தோம் என்று சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

முதல் வேலை, எல்லாவற்றையும் கூடத்தில் இறக்கிப் பரப்பியது. நீங்களும் செய்து பாருங்களேன், வெட்கமாக இருக்கும். பெருங்காயம் மட்டும் மூன்று டப்பா, மூடியில்லாத பிளாஸ்டிக் டப்பா 14, காலாவதியான கஸ்டர்ட் பவுடர், எப்போதோ செத்துப்போன மிக்ஸியின் ஜார் இரண்டு. அலமாரியில் கால்வாசி அங்கேயே காலியாகிவிட்டது.

பிறகு ஆசாரியைக் கூப்பிட்டேன். ஒரு அலமாரியில் இரண்டு பக்கச் சுவரிலும் ரீப்பர் கட்டை அடித்து, கல் தட்டுகளுக்கு நடுவே ஒரு பலகை. ஒரு தட்டு இரண்டு தட்டாயிற்று. இன்னொரு அலமாரிக்குக் கொலுப்படி வைத்தியம்! 5 அங்குல உயரத்தில் மணை மாதிரி ஒரு பலகை செய்து, தட்டின் பின்பாதியில் வைத்துவிட்டோம். சுவரில் ஓட்டை வேண்டாம், ஆணி வேண்டாம். பின்வரிசை டப்பாக்கள் கொலு பொம்மை மாதிரி எட்டிப் பார்க்கின்றன. வெந்தயத்துக்காக முன்னால் இருக்கும் ஆறு டப்பாவை நகர்த்துகிற வேலை போயிற்று. பிளைவுட் வாங்குவதானால் தண்ணீர் தாங்குகிற ரகமாக, ஐ.எஸ். 710 முத்திரை பார்த்து வாங்குங்கள். வெட்டிய ஓரங்களிலும் அடிப்பக்கத்திலும் பெயின்ட் அடிக்காவிட்டால் ஈரம் அந்த வழியாகத்தான் ஏறும்.

கதவின் உள்பக்கம் கரண்டி மாட்டவும், சின்ன டப்பா வைக்கவும் 3 அங்குல ஆழத்தில் ரேக் அடித்தோம். அதில்தான் சறுக்கல். கதவை மூடினால் ரேக் போய்க் கடப்பாக் கல்லில் இடித்தது! கழற்றி, இரண்டு கற்களுக்கும் நடுவில் வருகிற மாதிரி, கதவு ஓரத்திலிருந்து தள்ளி மாட்டி, டப்பாக்களையும் உள்ளே தள்ளி வைத்த பிறகே கதவு மூடியது. அளவெடுக்கும்போது கதவை மூடிப் பார்த்து அளவெடுங்கள். பாரம் கூடுவதால் மூன்றாவது கீலும் போட்டோம். கண்ணாடி பாட்டில் அங்கே வேண்டாம்.

பழைய கதவுகளை வாஷிங் சோடா கரைத்த வெந்நீரால் எண்ணெய்ப் பிசுக்குப் போகத் துடைத்து, நன்றாகக் காய விட்டு, உப்புத்தாள் போட்டு, பிரைமர், அதன்மேல் எனாமல். பிசுக்கின்மேல் அடித்த பெயின்ட் உரிந்து வரும். ஒரு எச்சரிக்கை: நம் நாட்டில் வீட்டுப் பெயின்ட்டில் ஈயத்தின் அளவுக்குக் கடுமையான வரம்பு வந்தது 2017 நவம்பரில்தான். அதற்கு முந்தைய பூச்சில் ஈயம் இருக்கலாம். ஆகவே உலர்வாகத் தேய்க்காமல் நனைத்துத் தேய்க்கச் சொல்லுங்கள். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அந்தப் பக்கமே வர வேண்டாம்.

மேடைக்குக் கீழே இருந்த திரையை எடுத்துவிட்டு, அங்கேயும் கதவு போடலாம் என்றார் ஆசாரி. சிலிண்டர் இருக்கும் பக்கத்தை மட்டும் திறந்தே விடச் சொல்லிவிட்டேன். கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தேங்கும். அதற்குப் பெட்டி கட்டித் தரலாமா?

இன்னொன்று. தொட்டிக்குக் கீழே பினாயில், ஆசிட், கரப்பான் மருந்து வைப்பது நம் எல்லார் வீட்டு வழக்கம். தவழும் குழந்தையின் கைக்கு எட்டும் உயரமும் அதேதான். பரணுக்குப் போக வேண்டிய சாமான் இருந்தால் அது இதுதான். பரண் இல்லாதவர்கள் உயரமான தட்டில் வைத்துத் தாழ்ப்பாள் போடுங்கள். குளிர்பான பாட்டிலில் ஊற்றி மட்டும் வைத்துவிடாதீர்கள்.

மரம், கீல், பெயின்ட், ஆசாரி கூலி எல்லாம் சேர்த்து எனக்கு 11,400 ரூபாய் ஆனது.

கட்டுப் பிரித்து வந்த அன்று அத்தை சமையலறைக்குள் போய்க் கதவுகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார். ஜாடி இடுப்பு உயரத் தட்டில், கல்சட்டிக்குப் பக்கத்தில் இருந்தது. வலது கையால் அதை ஒரு தடவு தடவிவிட்டு, "உப்பு எங்க வச்சிருக்க?" என்றார். அவ்வளவுதான். நான் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உப்பு ஜாடியைக் காட்டினேன்.

இந்தப் பங்குனியில் நான்கு படி மாவடு போட்டிருக்கிறோம். எட்டுகிற உயரத்தில் இருப்பதால் சின்னவன் போகும்போது ஒன்று, வரும்போது ஒன்று எடுத்துக்கொண்டு போகிறான். இதற்கு ஏதாவது வழி தெரிந்தவர்கள் எழுதுங்கள்.