பெட்டி எங்கே செல்ல வேண்டும்?

பள்ளி விடுமுறைக் காலத்தில் சாங்கி விமான நிலையத்திலும் கோலாலம்பூர் விமான நிலையத்திலும் ஒரு காட்சியைத் தவறாமல் காணலாம். விமானத்தில் ஏறுவதற்கான அறிவிப்பு வரும் முன்னரே பயணிகள் பலர் எழுந்து வரிசையில் நின்றுவிடுகின்றனர். இருக்கை எண் ஏற்கெனவே முடிவாகிவிட்டது. முந்திச் சென்றாலும் அது மாறப்போவதில்லை. பிறகு ஏன் இந்த அவசரம்? இருக்கைக்கு மேலே உள்ள பெட்டகத்தில் தங்கள் பெட்டிக்கு இடம் பிடிக்கத்தான். பந்திக்கு முந்துவது போலப் பெட்டகத்துக்கு முந்துவதும் வழக்கமாகிவிட்டது.

இதற்குப் பயணிகளை மட்டும் குறைகூறுவது நியாயமன்று. முன்பெல்லாம் பெரும்பாலான விமானங்களில் பயணச்சீட்டின் விலையிலேயே பெட்டிக்கான கட்டணமும் அடங்கியிருந்தது. மலிவுக் கட்டண விமானச் சேவைகள் பெருகியதும் அந்த நிலை மாறியது. 2008ஆம் ஆண்டில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் போன்ற பெரிய நிறுவனமே, ஒப்படைக்கும் முதல் பெட்டிக்கு 15 டாலர் வாங்கத் தொடங்கியது. நால்வர் கொண்ட குடும்பம் ஆளுக்கொரு பெட்டியுடன் போய்வந்தால் எட்டு முறை கட்டணம் செலுத்த வேண்டும். அந்தப் பணத்தை மிச்சப்படுத்தப் பெற்றோர் நினைப்பதில் தவறென்ன? பெட்டியை மேலே கொண்டுவரத் தூண்டியதே நிறுவனங்கள்தாம். பிறகு பெட்டகம் நிரம்பிவிட்டது என்று அலுத்துக்கொள்வதும் அவையே!

பெட்டி காணாமற்போகும் என்ற அச்சமும் உண்டு. ஆனால், அந்த அச்சம் சற்று மிகையானது. 2023ஆம் ஆண்டில் உலக அளவில் ஆயிரம் பயணிகளுக்கு ஏறத்தாழ 7 பெட்டிகளே தாமதமாகவோ சேதமடைந்தோ தொலைந்தோ போயின என்கிறது விமானத் துறைக்குத் தொழில்நுட்பச் சேவை வழங்கும் சீட்டா நிறுவனம். அவற்றுள்ளும் பெரும்பாலானவை தாமதமாக வந்து சேர்ந்தவையே.

மேலே எடுத்துச் செல்வதிலும் இடர்ப்பாடு இல்லாமல் இல்லை. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் சிக்கன வகுப்பிலும் ஏர்ஏசியாவிலும் அனுமதிக்கப்படும் எடை பொதுவாக 7 கிலோகிராம். சக்கரம் வைத்த வெறும் பெட்டியே 2, 3 கிலோகிராம் இருக்கும். மிஞ்சிய எடையில் எவ்வளவுதான் அடைக்க முடியும்? பாட்டி ஆசையோடு கட்டிக்கொடுத்த ஊறுகாய்ப் புட்டியும் சம்பலும் சோதனைச் சாவடியைத் தாண்டுவதில்லை. 2006 ஆகஸ்டில், திரவ வெடிபொருளால் விமானங்களைத் தகர்க்கும் சதியைப் பிரிட்டிஷ் காவல்துறை முறியடித்தது. அதன்பின் பல நாடுகளிலும் வந்ததுதான் 100 மில்லிலிட்டர் விதி. ஊறுகாய்க்குக் கீழ்த்தளமே சரியான இடம்.

கீழே போகக் கூடாத பொருள்களும் சில உண்டு. அவற்றுள் முதன்மையானது ‘பவர் பேங்க்’. அதிலுள்ள லித்தியம் மின்கலம் சூடேறித் தீப்பற்றினால், பயணிகள் அமரும் பகுதியில் சிப்பந்திகள் அதை உடனே கவனித்து அணைக்க முடியும். சரக்குப் பகுதியில் அதற்கு வழியில்லை. 2025 ஜனவரியில் தென்கொரியாவின் பூசான் நகரில், புறப்படவிருந்த ஏர் பூசான் விமானம் ஒன்று தீக்கிரையானது. மேல் பெட்டகத்தில் இருந்த ‘பவர் பேங்க்’ காரணமாக இருக்கலாம் என்று விசாரணையாளர்கள் கூறினர். அதே ஆண்டு ஏப்ரல் முதல் தேதியிலிருந்து சிங்கப்பூர் ஏர்லைன்ஸும் ஸ்கூட்டும் விமானத்தினுள் அதைப் பயன்படுத்தத் தடை விதித்தன. எனவே, அதை மேலே கொண்டுவந்தால் போதாது; கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருக்க வேண்டும்.

இங்கேதான் பெரிய பெட்டியை மேலே கொண்டுவருவோருக்கு ஓர் எதிர்பாராத சிக்கல் எழுகிறது. பெட்டகங்கள் நிரம்பிவிட்டால், கடைசியாக ஏறுவோரின் பெட்டிகளை வாசலிலேயே வாங்கிக் கீழே அனுப்பிவிடுகின்றனர். அந்தப் பெட்டிக்குள் ‘பவர் பேங்க்’ இருக்கும். நீரிழிவு உள்ள தாத்தாவின் இன்சுலினும் இருக்கும். பின்னால் வரிசை நீண்டிருக்க, பதற்றத்தோடு பெட்டியைத் திறந்து துழாவ வேண்டியதுதான். மருந்து, கடப்பிதழ், மூக்குக்கண்ணாடி ஆகியவற்றைச் சிறு பையில் தனியே வைத்திருப்பவருக்கு இந்தத் தொல்லை இல்லை.

இவை அனைத்தும் வசதி பற்றியவை. உயிர் பற்றிய ஒன்றும் இருக்கிறது. 44 இருக்கைகளுக்கு மேல் உள்ள புதிய வகை விமானம் சான்றிதழ் பெற வேண்டுமானால், வெளியேறும் கதவுகளில் பாதி மட்டும் திறந்திருக்கும் நிலையில் அனைவரும் 90 வினாடிகளில் வெளியேற முடியும் என்பதை மெய்ப்பிக்க வேண்டும். அந்தக் கணக்கில், பெட்டகத்தைத் திறந்து பெட்டியை இறக்கும் நேரம் சேர்க்கப்படவில்லை.

2016 ஆகஸ்டில் திருவனந்தபுரத்திலிருந்து சென்ற எமிரேட்ஸ் விமானம் துபாயில் ஓடுபாதையில் மோதித் தீப்பிடித்தது. புகை சூழ்ந்த நிலையிலும் சிலர் பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்ததை உள்ளே எடுக்கப்பட்ட காணொளி காட்டியது. விமானத்தில் இருந்த 300 பேரும் உயிர் தப்பினர். தீயணைப்பாளர் ஒருவர் உயிரிழந்தார். 2024 ஜனவரி 2ஆம் தேதி தோக்கியோவின் ஹனேடா விமான நிலையத்தில் ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானம் ஒன்று, கடலோரக் காவற்படை விமானத்துடன் மோதித் தீப்பற்றியது. எட்டுக் கதவுகளில் மூன்று மட்டுமே பயன்பட்டன. ஆனாலும், அதிலிருந்த 379 பேரும் வெளியேறினர். பெட்டிகளை விட்டுவிடுங்கள் என்று சிப்பந்திகள் கூறியதற்குப் பயணிகள் செவிசாய்த்தது அதற்கு ஒரு முக்கியக் காரணம்.

மேலே வைத்த பெட்டியில் மடிக்கணினியும் நகையும் கடப்பிதழும் இருந்தால், அதை விட்டுவிட்டு ஓட எத்தனை பேருக்கு மனம் வரும்? விமானம் புறப்படும்போதும் தரையிறங்கும்போதும் கடப்பிதழும் கைத்தொலைபேசியும் சட்டைப்பையிலேயே இருந்தால், அந்தப் பயணி பெட்டகத்தை அண்ணாந்து பார்க்க வேண்டியதில்லை.