பழைய மின்சார ஸ்டேஷன் வேகன்: வாங்குவது காரையா, மீதமுள்ள ஆண்டுகளையா?

2026 ஜனவரி 1ஆம் தேதி முதல் சிங்கப்பூரில் புதிய மின்சாரக் கார் வாங்குவோருக்கான சலுகை குறைந்தது. மின்வாகனங்களை முன்கூட்டியே வாங்குவோருக்கான ஊக்கத்தொகை, வாகனப் புகை வெளியேற்றத் திட்டம் ஆகிய இரண்டையும் சேர்த்து 2025இல் அதிகபட்சம் 40,000 வெள்ளி வரை கழிவு கிடைத்தது. 2026க்கு அது 30,000 வெள்ளியாகக் குறைக்கப்பட்டது.

இன்னொரு பக்கம், வாகன உரிமைச் சான்றிதழின் விலை 2025இல் உயர்ந்திருந்தது. 2025 அக்டோபரின் முதல் ஏலக்குத்தகையில் சிறிய கார்களுக்கான ‘ஏ’ பிரிவுச் சான்றிதழ் 128,105 வெள்ளியைத் தொட்டது. பெரிய கார்களுக்கான ‘பி’ பிரிவு 141,000 வெள்ளிக்குப் போனது. காரே இல்லாமல் வெறும் சான்றிதழுக்கு மட்டும் இந்தத் தொகை.

இந்நிலையில், பிள்ளைகள், தாத்தா பாட்டி, தள்ளுவண்டி, சக்கர நாற்காலி என்று எல்லாவற்றையும் ஏற்றிச் செல்ல ஒரு கார் தேவைப்படும் நடுத்தரக் குடும்பங்களின் பார்வை, பயன்படுத்திய மின்சாரக் கார்களின் பக்கம் திரும்புவது இயல்பு. அவற்றில் பின்பக்கம் நீண்ட ‘ஸ்டேஷன் வேகன்’ வகைக்குத் தனி ஈர்ப்பு உண்டு. உயரமான எஸ்யுவியைவிட அதில் முதியவர்கள் ஏறி இறங்குவது எளிது. பொருள் வைக்கும் இடமும் தாராளம்.

ஆனால் பெட்ரோல் கார் வாங்கிப் பழகியவர்கள் மனத்தில் வைத்திருக்கும் கணக்கு, பழைய மின்சாரக் காருக்கு அப்படியே பொருந்தாது. காரை ஒப்படைக்கும் நாளில் கைக்கு என்ன திரும்பி வரும் என்ற கேள்வியில்தான் பெரிய வேறுபாடு இருக்கிறது.

*சாலையில் பார்த்த கார்தான்*

சிங்கப்பூரில் மலிவான மின்சார ஸ்டேஷன் வேகன் என்றால் முதலில் நினைவுக்கு வருவது எம்ஜி 5. 2021இல் இங்கு விற்பனைக்கு வந்த இந்தக் காரை, சொந்தமாக வாங்காதவர்களும் பார்த்திருப்பார்கள், ஏறியும் இருப்பார்கள். அதே ஆண்டு ஸ்டிரைட்ஸ் நிறுவனம் தனது மின்சார டாக்சிகளாகத் தேர்ந்தெடுத்தது இதைத்தான்.

இருக்கைகளை மடக்காமலேயே 460 லிட்டருக்கு மேல் பொருள் வைக்கலாம். மின்கலனின் அளவைப் பொறுத்து, ஒருமுறை முழுமையாக மின்னூட்டினால் ஏறக்குறைய 340 முதல் 400 கிலோமீட்டர் வரை ஓடும் என்பது தயாரிப்பாளர் தரும் அளவு. குளிர்சாதனம் ஓட, ஐந்து பேரும் மூட்டை முடிச்சும் ஏறிய பிறகு அது குறையும். தீவுக்குள் ஓட்டுவோருக்கு அது ஒரு பொருட்டல்ல. ஜோகூர் பாருவிலிருந்து கோலாலம்பூர் சுமார் 330 கிலோமீட்டர் என்பதால், தைப்பூசத்துக்கு பத்துமலை போக நினைப்போர் நெடுஞ்சாலை ஓய்விடத்தில் ஒருமுறை மின்னூட்ட நேரம் ஒதுக்க வேண்டியிருக்கும்.

*திரும்பி வராத பணம்*

சிங்கப்பூரில் கார் வாங்கும்போது அதன் வெளிச்சந்தை மதிப்பை ஒட்டிக் கூடுதல் பதிவுக் கட்டணம் விதிக்கப்படுகிறது. பத்தாண்டு முடிவதற்குள் காரை ஒப்படைத்தால் அந்தக் கட்டணத்தில் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கும். 2025 வரை பதிவான கார்களைப் பொறுத்தவரை, பத்தாம் ஆண்டில் ஒப்படைத்தாலும் செலுத்திய கட்டணத்தில் 50 விழுக்காடு உண்டு. இதையே ‘பார்ஃப்’ என்று கார் வணிகர்கள் சொல்கிறார்கள். பெட்ரோல் கார் வாங்கும் பலர் இந்தத் தொகையை அடுத்த காருக்கான முன்பணமாகவே கருதுகிறார்கள்.

மின்சாரக் கார்களுக்கு அரசு தந்த கழிவுகள் இந்தப் பதிவுக் கட்டணத்திலிருந்தே கழிக்கப்பட்டன. 2022 ஜனவரியிலிருந்து அக்கட்டணம் சுழியம் வரை இறங்கவும் அனுமதிக்கப்பட்டது. அதற்கு முன்னர் குறைந்தது 5,000 வெள்ளி கட்ட வேண்டியிருந்தது.

ஓர் எடுத்துக்காட்டு. 30,000 வெள்ளி வெளிச்சந்தை மதிப்புள்ள மின்சாரக் கார் 2022 இறுதியில் பதிவானது என்று கொள்வோம். முதல் 20,000 வெள்ளிக்கு 100 விழுக்காடு, எஞ்சிய 10,000 வெள்ளிக்கு 140 விழுக்காடு என்ற கணக்கில் பதிவுக் கட்டணம் 34,000 வெள்ளி. அதில் 45 விழுக்காடான 15,300 வெள்ளி ஊக்கத்தொகையில் கழிந்தது. அப்போது ‘ஏ1’ பிரிவுக்கு இருந்த 25,000 வெள்ளிக் கழிவையும் சேர்த்தால் கட்டணம் சுழியமாகிவிடும்.

முதல் உரிமையாளர் கட்டணம் கட்டவில்லை. எனவே பத்தாண்டு முடிவில், அப்போது காரை வைத்திருப்பவருக்குத் திரும்ப வரவும் ஒன்றுமில்லை. சலுகையின் பலன் புதிதாக வாங்கியவருக்குப் போய்விட்டது. அந்தக் காரை இப்போது வாங்குபவர், தாம் கொடுக்கும் விலை முழுவதும் மீதமுள்ள ஆண்டுகளில் கரைந்துவிடும் என்று தெரிந்தே வாங்க வேண்டும்.

*ஆண்டுக்கு எவ்வளவு?*

ஈசூனில் வசிக்கும் ஐவர் குடும்பம் ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளலாம். அவர்கள்முன் இரண்டு பழைய கார்கள். இரண்டுக்கும் சான்றிதழில் இன்னும் ஏழாண்டுகள் உள்ளன. மின்சார வேகனின் விலை 91,000 வெள்ளி. முடிவில் திரும்ப வருவது சுழியம். பெட்ரோல் காரின் விலை 97,000 வெள்ளி. 28,000 வெள்ளி பதிவுக் கட்டணம் கட்டிய கார் என்பதால் முடிவில் 14,000 வெள்ளி திரும்பும்.

பார்த்ததும் மின்சாரக் கார்தான் 6,000 வெள்ளி மலிவு என்று தோன்றும். ஆண்டுக் கணக்கில் அது 13,000 வெள்ளி தேய்கிறது. பெட்ரோல் கார் 11,860 வெள்ளிதான் தேய்கிறது. அதாவது, மின்சாரக் கார் ஆண்டுக்கு 1,140 வெள்ளி அதிகம்.

அடுத்தது சாலை வரி. எரிபொருள் வரி செலுத்தாததற்கு ஈடாக மின்சாரக் கார்கள் ஆண்டுக்கு 700 வெள்ளி கூடுதலாகச் செலுத்துகின்றன. 115 கிலோவாட் ஆற்றலுள்ள வேகனுக்கு அதையும் சேர்த்து 1,500 வெள்ளிக்கு மேல் ஆகும். 1.6 லிட்டர் பெட்ரோல் காருக்கு ஏறக்குறைய 740 வெள்ளி. வேறுபாடு சுமார் 850 வெள்ளி.

இந்த இரண்டையும் ஈடுகட்ட வேண்டியது எரிபொருள் மிச்சம்தான். பெட்ரோல் லிட்டர் 2.80 வெள்ளி, கார் லிட்டருக்கு 14 கிலோமீட்டர் ஓடுகிறது என்றால் கிலோமீட்டருக்கு 20 காசு. வீவக வாகன நிறுத்துமிடத்தில் மின்சாரம் ஒரு யூனிட் 60 காசு, 100 கிலோமீட்டருக்கு 16 யூனிட் என்றால் கிலோமீட்டருக்கு 10 காசுக்குச் சற்றுக் குறைவு. ஆண்டுக்கு 15,000 கிலோமீட்டர் ஓட்டினால் மிச்சம் 1,560 வெள்ளி. கூடுதல் தேய்மானமும் சாலை வரியும் சேர்ந்த 1,990 வெள்ளியை அது எட்டவில்லை. ஆண்டுக்கு ஏறக்குறைய 19,000 கிலோமீட்டரைத் தாண்டினால்தான் மின்சாரக் கார் முந்துகிறது. 25,000 கிலோமீட்டர் ஓட்டும் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 600 வெள்ளி லாபம்.

பராமரிப்பில் எண்ணெய் மாற்றும் செலவு போன்றவை இல்லாததால் மின்சாரக் கார் சில நூறு வெள்ளியை மிச்சப்படுத்தலாம். காப்புறுதிக் கட்டணம் அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளவும் செய்யலாம். முன்பணம் கொடுக்குமுன் குறிப்பிட்ட அந்தக் காருக்கே காப்புறுதி விலை கேட்டுவிடுவது நல்லது.

இங்குள்ள விலைகள் எடுத்துக்காட்டுக்கு மட்டுமே. கணக்குப் போடும் முறை எந்தக் காருக்கும் பொருந்தும். சொந்த நிலவீட்டில் மின்னூட்டுவோருக்கு மின்கட்டணம் ஏறக்குறைய பாதியாகிவிடுவதால் கணக்கு மின்சாரக் காரின் பக்கம் சாயும். வாராவாரம் ஜோகூர் சென்று அங்கு ரோன் 97 பெட்ரோல் நிரப்பி வருவோருக்கு அது எதிர்ப்பக்கம் சாயும்.

*இரண்டு கெடுக்கள்*

பழைய மின்சாரக் காரில் இரண்டு கெடுக்கள் உள்ளன. சான்றிதழுக்குப் பத்தாண்டு. மின்கலன் உத்தரவாதம் பெரும்பாலான தயாரிப்பாளர்களிடம் எட்டு ஆண்டு அல்லது 160,000 கிலோமீட்டர், எது முதலில் வருகிறதோ அது.

2022 டிசம்பரில் பதிவான காரின் உத்தரவாதம் 2030 டிசம்பரில் முடிந்துவிடும். சான்றிதழ் 2032 டிசம்பர் வரை இருக்கும். இடைப்பட்ட ஈராண்டு மின்கலனுக்கு என்ன நேர்ந்தாலும் செலவு உரிமையாளருடையது. முன்பு தனியார் வாடகைக் காராக ஓடி ஏற்கெனவே 120,000 கிலோமீட்டர் கடந்த கார் என்றால், ஆண்டு 20,000 கிலோமீட்டர் ஓட்டும் குடும்பம் அந்த உத்தரவாதத்தை ஈராண்டில் கடந்துவிடும்.

நன்கு பராமரிக்கப்பட்ட மின்கலன் திடீரென்று செத்துப்போவதில்லை. அதன் கொள்ளளவு ஆண்டுதோறும் சிறிது சிறிதாகக் குறைவதே வழக்கம். ஆயினும் அப்படி ஒன்று நேர்ந்தால் குடும்பத்தின் கையில் எஞ்சுவது என்ன என்பதை முன்பே பார்த்துக்கொள்ளலாம். காரை ஒப்படைத்தால், சான்றிதழின் மீதமுள்ள காலத்துக்கான தொகை திரும்பக் கிடைக்கும். அது இன்றைய சான்றிதழ் விலையை வைத்துக் கணக்கிடப்படுவதில்லை. அன்று அந்தக் காருக்குச் செலுத்தப்பட்ட விலையே அடிப்படை.

100,000 வெள்ளிச் சான்றிதழோடு பதிவான காரில் நான்காண்டு மீதமிருந்தால் 40,000 வெள்ளி வரும். 50,000 வெள்ளிச் சான்றிதழ் என்றால் 20,000 வெள்ளிதான். பார்வைக்கு ஒரே மாதிரி, ஒரே விலை சொல்லப்படும் இரு வேகன்களில், அதிக விலைச் சான்றிதழுடன் பதிவானது குடும்பத்துக்குக் கூடுதல் பாதுகாப்பு. விற்பவரிடம் ‘இன்று ஒப்படைத்தால் காகித மதிப்பு எவ்வளவு?’ என்று கேட்டால் இந்த விவரம் வெளிவந்துவிடும்.

பத்தாண்டுக்குப் பிறகு சான்றிதழைப் புதுப்பித்துக்கொள்ளலாம் என்ற நினைப்பும் சிலருக்கு உண்டு. அதற்கு அப்போதைய மூன்று மாதச் சராசரி விலையைக் கட்ட வேண்டும். உத்தரவாதம் முடிந்த மின்கலனுடன் ஓடும் காருக்கு அவ்வளவு பணம் போடுவதைத் திட்டமாகக் கொள்ளாமல் இருப்பதே பத்திரம்.

*கையெழுத்துக்கு முன்*

கடன் விதிகள் பழைய காருக்கும் அப்படியே உண்டு. வெளிச்சந்தை மதிப்பு 20,000 வெள்ளிக்கு மேற்பட்ட காருக்கு விலையில் 60 விழுக்காடு வரைதான் கடன். அதற்கு உட்பட்டதற்கு 70 விழுக்காடு. கடன் காலம் ஏழாண்டைத் தாண்டாது. 91,000 வெள்ளிக் காருக்கு 60 விழுக்காடு என்றால் 36,400 வெள்ளி ரொக்கமாக வேண்டும். ஒரு பிள்ளையின் பலதுறைத் தொழிற்கல்லூரிப் படிப்புக்காகச் சேர்த்த பணமாகவும் அது இருக்கக்கூடும்.

மின்கலனின் தற்போதைய நிலையைக் காட்டும் அறிக்கையை எழுத்தில் கேட்க வேண்டும். உத்தரவாதம் புதிய உரிமையாளருக்கு மாறுமா, அதற்கு முகவரிடமே பராமரிப்பு செய்திருக்க வேண்டுமா என்பதை விற்பவரிடம் கேட்காமல் அந்தக் காரின் முகவரிடமே கேட்பது சரி. கார் முன்பு வாடகைக்கு ஓடியதா, இதுவரை எத்தனை உரிமையாளர்கள் என்பதையும் பதிவு விவரங்களில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

யாரிடம் வாங்குகிறோம் என்பதும் முக்கியம். 2012 செப்டம்பரில் நடப்புக்கு வந்த ‘லெமன்’ சட்டம் பழைய கார்களுக்கும் பொருந்தும். ஒப்படைத்த ஆறு மாதத்துக்குள் தெரியவரும் குறை, ஒப்படைக்கும்போதே இருந்ததாகக் கருதப்படும். இல்லை என்று காட்டுவது விற்றவரின் பொறுப்பு. ஆனால் இச்சட்டம் வணிகரிடம் வாங்கியவருக்குத்தான். தனிநபரிடம் நேரடியாக வாங்கினால் சில ஆயிரம் வெள்ளி குறையலாம். இந்தப் பாதுகாப்பு இருக்காது.

கடைசியாக, செலவில்லாத ஒரு சோதனை. 2030க்குள் 60,000 மின்னூட்டு முனைகள் என்பது அரசின் இலக்கு. வீவக வாகன நிறுத்துமிடங்களில் மின்னூட்டிகள் வேகமாகக் கூடியும் வருகின்றன. ஆனாலும் ஒரு குடும்பத்துக்கு வேண்டியது தன் புளோக்கின் கீழே, தனக்குத் தேவையான நேரத்தில் காலியாக இருக்கும் ஒரு மின்னூட்டி. வேலை நாளில் இரவு ஒன்பது மணிக்கு மூன்று நான்கு முறை இறங்கிப் பார்த்தால் அது தெரிந்துவிடும். முழுமையாக மின்னூட்டிய பிறகும் காரை நகர்த்தாமல் விட்டால் சில இடங்களில் தனிக் கட்டணம் உண்டு என்பதால், நள்ளிரவில் இறங்கி வந்து காரை மாற்றப்போவது யார் என்பதையும் வீட்டில் பேசிக்கொள்ளலாம்.

நிறைய ஓட்டும் குடும்பம், வீட்டருகே மின்னூட்டி, உத்தரவாதத்தில் நான்கைந்து ஆண்டு மிச்சம், அதிக விலைச் சான்றிதழோடு பதிவான கார் ஆகிய நான்கும் கூடிவந்தால் பழைய மின்சார வேகன் நல்ல வாங்கல்தான். வார இறுதியில் கோயிலுக்கும் கடைக்கும் மட்டும் கார் எடுக்கும் குடும்பம், குறைந்த விலையைப் பார்த்து அவசரப்படத் தேவையில்லை. அவர்களுக்கு ஒரு நல்ல பழைய பெட்ரோல் காரோ, தேவைப்படும் நாளில் எடுக்கும் வாடகைக் காரோ இன்றைய நிலவரத்தில் குறைந்த செலவில் முடியும்.