காந்த உணரிச் சந்தையும் காணியிழந்த நாமும்

உலகச் சந்தையில் ஆண்டுக்காண்டு விற்பனை பெருகிவரும் பொருள்களில் ஒன்று காந்த உணரி. மெக்கானிக்குகள் 'சென்சர்' என்ற பொதுப் பெயரால் அழைப்பவற்றுள் இதுவும் ஒரு வகை. நெல்மணியை விடச் சற்றுத் தடித்த கறுப்புத் துண்டு. அதற்கு மூன்று கம்பிக் கால்கள். காந்தம் அருகே வந்தால் அறியும், விலகினால் அறியும், அறிந்ததை மின்சாரமாகச் சொல்லும். வயலைப் பறிகொடுத்து, காணி உறுதியின் போட்டோப் பிரதியோடு அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கும் குடும்பத்துக்கு இதைப் பற்றி ஏன் எழுத வேண்டும் என்று வாசகர்கள் கேட்பது நியாயமே. கல்முனையிலோ சாய்ந்தமருதிலோ உள்ள ஒரு மோட்டார் சைக்கிள் கராச்சில் அரை மணி நேரம் இருந்து பார்த்தால் காரணம் தெரியும்.

காணி போன பின் எமது பிள்ளைகளில் பலர் கைவைத்த முதல் தொழில் ஓட்டோ. அதன் எஞ்சினுக்கு எந்தக் கணத்தில் தீப்பொறி வேண்டும் என்பதைச் சொல்வது காந்தத்தோடு சேர்ந்த ஒரு சிறு கம்பிச் சுருள். சுழலும் சில்லில் உள்ள மேடு தன்னைக் கடக்கும் ஒவ்வொரு முறையும் அது ஒரு துடிப்பை அனுப்புகிறது. வட்டையில் இறங்கும் அறுவடை மெஷினில் வைக்கோல் அடைத்து உள்தண்டின் வேகம் குறைந்தால் சாரதிக்கு அடிக்கும் மணியும் பெரும்பாலும் இவ்வகை உணரியின் வேலைதான். கையடக்கத் தொலைபேசியில் கிப்லாத் திசை காட்டுகிற முள் ஆடுவதும், உள்ளே இருக்கும் காந்த உணரி பூமியின் காந்தத்தை அளப்பதனாலேயே. இரும்புக் கதவுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அந்த முள் பிழையான திசையைக் காட்டும். நம்பாதவர்கள் சோதித்துப் பார்க்கலாம்.

இதன் மூலக் கண்டுபிடிப்பு பழையது. 1879 இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் எட்வின் ஹோல் என்ற இளம் ஆய்வாளர், மெல்லிய தங்கத் தகட்டில் மின்சாரத்தைச் செலுத்தி, அதைக் காந்தத்துக்கு நடுவே வைத்தபோது தகட்டின் இரு பக்கங்களுக்கும் இடையே சிறிய மின்னழுத்தம் தோன்றுவதைக் கண்டார். கராச்சில் 'ஹோல் சென்சர்' என்று சொல்வது அவரது பெயரைத்தான். ஏறத்தாழ நூறு ஆண்டுகள் ஆய்வுகூடத்திலேயே பெரும்பாலும் அடங்கிக் கிடந்த இந்த விடயம், குறைகடத்தித் துண்டுகள் மலிந்த பிறகு வாகனங்களுக்குள் புகுந்தது. இன்று ஒரு காரில் பத்துக் கணக்கில் உண்டு. யப்பானின் அசாகி கசெய், யேர்மனியின் இன்பினியன், பெல்ஜியத்தின் மெலெக்சிஸ், அமெரிக்காவின் அலெக்ரோ போன்ற கம்பனிகளின் கையில் இருக்கும் இவ்வியாபாரம் ஆண்டுக்குப் பல நூறு கோடி டொலர் பெறுமதியானது. மின்சார வாகனங்கள் கூடக் கூட அதுவும் கூடுகிறது. 2020 ஒக்டோபரில் யப்பானின் நொபியோக்காவில் அசாகி கசெய் குழுமத்தின் தொழிற்சாலை ஒன்று தீப்பற்றியபோது, பல நாடுகளில் இலத்திரனியல் பொருள் செய்வோர் உதிரிப்பாகங்களுக்குத் திண்டாடினார்கள்.

அந்தச் சந்தையில் எமக்குரிய இடம் இன்றுவரை வாங்குபவரின் இடம் மட்டுமே. கரையோரத்தில் அப்படியொரு தொழிற்சாலை வரப்போகிறது என்று யாராவது மேடையில் சொன்னால் நான் நம்பமாட்டேன். ஆனால் விற்கப்பட்ட பொருள் பழுதாகும். பழுதாகும் இடம் எமது ஊர்.

2022 இல் பெற்றோலுக்காக நாட்கணக்கில் வரிசையில் நின்ற அனுபவத்துக்குப் பின் மின்சார ஸ்கூட்டர் வாங்கியோர் பலர். நட்டஈட்டுப் பணத்தில் வாங்கியோரும் உண்டு, நகையை அடகு வைத்து வாங்கியோரும் உண்டு. அதன் பின் சில்லுக்குள்ளேயே மோட்டார். மோட்டாருக்குள் மூன்று ஹோல் உணரிகள். அவற்றில் ஒன்று செத்தால் வண்டி உதறும், இழுக்காது, சில வேளை நகரவே நகராது. கராச்சுக்குக் கொண்டுபோனால், "சென்சர் போயிட்டு காக்கா, மோட்டரத்தான் மாத்தணும்" என்ற பதில் வருகிறது. மாற்ற வேண்டிய மோட்டாருக்குப் பல்லாயிரம் ரூபாய். செத்துப்போன உணரியின் விலை சில நூறு ரூபாயைத் தாண்டாது. இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட பணம் ஏழைக் குடும்பத்தின் மடியிலிருந்து போகிறது. மெக்கானிக் ஏமாற்றுகிறார் என்று நான் சொல்லவில்லை. அவருக்கு யாரும் படிப்பித்துக் கொடுக்கவில்லை.

படிப்பிப்பதற்குப் பெரிய விடயமும் இல்லை. முதலில் மோட்டாரிலிருந்து கொன்ட்ரோலருக்குப் போகும் வயர்களின் இணைப்பைக் கழற்றிப் பார்க்க வேண்டும். எமது கடற்கரையில் உப்புக்காற்று பட்டு அந்த இணைப்பு பச்சை பூத்துப் போவது வழமை. பாதிப் பழுது அங்கேயே தீர்ந்துவிடும். தீராவிட்டால், மெல்லிய வயர்கள் ஐந்தையும் மல்டிமீற்றரால் சோதிக்க வேண்டும். பெரும்பாலான வண்டிகளில் சிவப்பும் கறுப்பும் உணரிக்கு மின்சாரம் கொடுப்பவை. அவற்றுக்கிடையே ஏறத்தாழ 5 வோல்ட் இருக்க வேண்டும். மஞ்சள், பச்சை, நீலம் மூன்றும் செய்தி சொல்பவை. இணைப்பைத் திரும்பப் பொருத்தி, சில்லைத் தரையிலிருந்து தூக்கி, சாவியைப் போட்டு, கையால் மெதுவாகச் சுற்றும்போது ஒவ்வொன்றிலும் மீற்றர் பூச்சியத்துக்கும் 5 வோல்ட்டுக்கும் இடையே மாறிமாறிக் காட்டும். மாறாமல் ஒரே இடத்தில் நிற்கும் வயர் எதுவோ அந்த உணரிதான் செத்தது, அல்லது அதன் வயர் உள்ளே அறுந்திருக்கிறது. மோட்டாரைத் திறக்கும்போது உள்ளே உள்ள காந்தங்கள் விரலை நசுக்கும் அளவுக்கு இழுக்கும் என்பதை மறக்கக்கூடாது. எழுத்துப் பொறித்த முகம் எந்தப் பக்கம் இருந்ததோ அதே பக்கமாகப் புதிய உணரியை வைத்து, ஈயம் பற்றவைக்கும் சூட்டை நீண்ட நேரம் பிடிக்காமல் முடிக்க வேண்டும். மூடுவதற்கு முன் மீண்டும் மீற்றரால் பார்ப்பது புத்திசாலித்தனம். கைப்பிடி அக்சிலேற்றரிலும் ஒரு ஹோல் உணரி உண்டு. ஆனால் அது படிப்படியாகக் கூடிக் குறையும் வேறு வகை. மோட்டாரின் உணரியை அதற்குப் போட்டால் வண்டி ஒழுங்காக ஓடாது.

இதற்கு வேண்டிய கருவிகள் ஒரு சிறிய பெட்டிக்குள் அடங்கும். இருந்தும் இடம்பெயர்ந்தோருக்கான வாழ்வாதாரப் பயிற்சி என்றால் பெண்களுக்குத் தையல், ஆண்களுக்கு மேசன் வேலை என்ற பழைய பட்டியலையே நான் திரும்பத் திரும்பக் காண்கிறேன். ஒரே ஒழுங்கையில் எட்டுத் தையல் மெஷின் இருந்தால் யார் யாருக்குத் தைப்பது? கேட்டால், எமது மக்களுக்குக் கல்வித் தகைமை போதாது என்பார்கள். கண்ணிவெடி அகற்றிய பெண்களை இவர்கள் பார்க்கவில்லை போலும். அவர்கள் கையிலிருந்த உலோகம் காண் கருவியும் காந்தப் புலத்தால் வேலை செய்வதே: சுருளிலிருந்து மாறும் காந்தப் புலம் நிலத்துக்குள் போகிறது, புதைந்த உலோகம் அதற்கு எதிரொலி தருகிறது. பாடசாலையை இடையில் விட்டவர்களும் இடம்பெயர்ந்து திரிந்தவர்களுமான பெண்கள், சில வாரப் பயிற்சியின் பின் அதன் ஒலி வேறுபாட்டைக் காதால் பிரித்தறிந்து அங்குலம் அங்குலமாக நிலத்தை மீட்டார்கள். 2017 யூனில் எமது அயல் மாவட்டமான மட்டக்களப்பு கண்ணிவெடி அபாயம் நீங்கியதாக அறிவிக்கப்பட்டது. உயிரைப் பணயம் வைத்து அந்தக் கருவியைக் கற்றவர்களுக்கு ஒரு ஸ்கூட்டர் மோட்டார் கடினமா?

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். காணிக்குப் பதிலாக ஒரு பயிற்சிச் சான்றிதழ் என்ற பேரத்துக்கு இக்கட்டுரை ஆதரவல்ல. 2013 இல் திறக்கப்பட்ட ஒலுவில் துறைமுகத்துக்காகக் காணி இழந்தவர்களும், வனம் என்று எல்லைக்கல் நடப்பட்டதால் தம் பூமிக்குள் கால்வைக்க முடியாதவர்களும் கேட்பது தமது உரிமையை. மண்ணுக்குள் கிடக்கும் இரும்பைத் தேடக் கருவி உண்டு. கச்சேரியில் தூங்கும் கோப்பைத் தேட எதுவும் இல்லை. வழக்கு நடக்கட்டும், மனு போகட்டும். அது முடியும்வரை அடுப்பு எரிய வேண்டும் என்பதே என் வாதம்.

ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இருக்கிறது. சம்மாந்துறையில் அதே பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடம் இருக்கிறது. வார இறுதியில் இரண்டு மாணவர்கள் மருதமுனைக்கோ அட்டப்பள்ளத்துக்கோ வந்து, தமிழில், ஒரு பழைய மோட்டாரைத் திறந்து வைத்துப் படிப்பிப்பதற்கு அமைச்சரவைப் பத்திரம் தேவையில்லை. உங்கள் ஊருக்கு வாழ்வாதார உதவியோடு வரும் நிறுவனத்திடம் அடுத்த முறை இரண்டு விடயங்களைக் கேளுங்கள். வண்டியோ மெஷினோ கொடுப்பதாயின் அதன் உதிரிப்பாகங்களும் திருத்தும் முறையும் கூட வருமா? பயிற்சிக்குப் பெயர் பதியும்போது வீட்டிலுள்ள பெண்பிள்ளையின் பெயரையும் மோட்டார் திருத்தும் பட்டியலில் எழுதுவார்களா? பதிலை வாயால் வாங்காமல் கூட்டக் குறிப்பில் எழுதுவித்து, ஒரு பிரதியைக் கிராம அபிவிருத்திச் சங்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.