பத்து என்பது பத்து மட்டுமல்ல

படிவம் ஒன்று மாணவரிடம் 1000-லிருந்து 1-ஐக் கழிக்கச் சொல்லுங்கள். 999 என்று சட்டெனச் சொல்வார். பூஜ்ஜியங்கள் எப்படி ஒன்பதாயின என்று கேளுங்கள். "பக்கத்துல கடன் வாங்கணும் சார்" என்பார். ஏன் ஒன்பது, ஏன் எட்டு இல்லை? பதில் வராது. வார இறுதியில் நான் கணிதம் சொல்லித்தரும் பிள்ளைகளில் கெட்டிக்காரர்களும் இந்த இடத்தில்தான் முழிக்கிறார்கள். அவர்களுக்குத் தெரிந்தது செய்முறை. இட மதிப்பு தெரியாது.

இதற்கு நல்ல மருந்து இரும எண்கள். அதை நம் பாடத்திட்டம் தப்பான அலமாரியில் பூட்டி வைத்திருக்கிறது. 2017-இல் தொடங்கிய கே.எஸ்.எஸ்.எம். திட்டப்படி, கணிதப் பாடத்தில் எண் அடிமானம் வருவது படிவம் நான்கில். அதற்கு முன்பே பார்க்க வேண்டுமானால் அடிப்படைக் கணினி அறிவியல் எடுத்திருக்க வேண்டும். வடிவமைப்பும் தொழில்நுட்பமும் படிக்கும் பிள்ளைக்கு அந்த வாய்ப்பும் இல்லை. ஆக, இருமம் கம்ப்யூட்டர்காரன் சமாச்சாரம் என்று முடிவு கட்டியாயிற்று. நான் மறுப்பது இதைத்தான்.

படிவம் நான்கிலும் என்ன நடக்கிறது? இரண்டால் வகு, மீதியை எழுது, கீழிருந்து மேலே படி. இன்னொரு செய்முறை, அவ்வளவுதான்.

இப்படித் தொடங்கலாமே. 1, 2, 4, 8, 16 ரிங்கிட் நோட்டுகள் ஒவ்வொன்று மட்டும் கையில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 13 ரிங்கிட் கொடுக்க 8, 4, 1 போதும். இருப்பதற்கு 1, இல்லாததற்கு 0 போட்டால் 01101. 1 முதல் 31 வரை எந்தத் தொகையையும் சில்லறை இல்லாமல் கொடுக்கலாம், அதுவும் ஒரே ஒரு வழியில்தான். 32 கேட்டால் புது நோட்டு அடிக்க வேண்டும். அரை மணி நேரத்தில் பிள்ளைகள் இதைத் தாங்களே கண்டுபிடித்துவிடுவார்கள்.

இப்போது இருமத்தில் 1000-லிருந்து 1-ஐக் கழிக்கட்டும். எட்டில் ஒன்று போனால் ஏழு, அதாவது 111. அங்கே 999, இங்கே 111. ஒன்பது வந்தது கடன் வாங்கியதால் மட்டும் அல்ல, நாம் பத்து பத்தாகக் கட்டி எண்ணுவதால் என்பது அப்போதுதான் உறைக்கும். "10" என்று எழுதினால் "ஒரு கட்டு, உதிரி இல்லை" என்றுதான் பொருள். கட்டில் எத்தனை என்பது நம் ஏற்பாடு.

தமிழ்ப்பள்ளியிலிருந்து வரும் பிள்ளைக்கு இது இன்னும் அவசியம். ஆறு வருடம் தமிழில் கணக்குப் போட்டவர், பதின்மூன்று வயதில் மலாய்க்கோ ஆங்கிலத்துக்கோ மாறுகிறார். மனப்பாடச் செய்முறை மொழி மாறும்போது தடுமாறும். புரிந்துகொண்டது கூடவே வரும்.

"நேரமில்லை, தேர்வுக்கு வராது" என்பார்கள். பி.டி.3 தேர்வு 2022-இலேயே ரத்தாகிவிட்டது. அந்தச் சாக்கும் அதோடு போயிருக்க வேண்டும்.

இலக்கிய நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. "கணக்கு எனக்கு வராதுங்க" என்பதைப் பெருமையாகச் சொல்கிறீர்கள். ஆனால் அலகிடத் தெரியும்தானே? நேருக்கு 0, நிரைக்கு 1 போடுங்கள். தேமா 00, கூவிளம் 01, புளிமா 10, கருவிளம் 11. ஈரசைச் சீர் நான்கு, மூவசைச் சீர் எட்டு, நாலசைச் சீர் பதினாறு. ஓர் அசை கூடினால் ஏன் இரட்டிப்பாகிறது என்று சொல்லத் தெரிந்தவருக்கு இருமத்தின் அடிப்படை தெரியும். உடனே "கம்ப்யூட்டரை நாங்கதான் கண்டுபிடிச்சோம்" என்று வாட்ஸ்அப்பில் கிளம்பிவிடாதீர்கள். யாப்பில் இருப்பது சேர்க்கைகளின் எண்ணிக்கை. இட மதிப்பு அங்கே இல்லை. இந்த வேறுபாட்டையும் சேர்த்தே பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

பாடத்திட்டம் மாறும் வரை காத்திருக்கத் தேவையில்லை. வீட்டில் படிவம் ஒன்று படிக்கும் தம்பி தங்கை இருந்தால் ஐந்து துண்டுத் தாளில் 1, 2, 4, 8, 16 எழுதிக் கொடுங்கள். பதிலை மட்டும் முந்திக்கொண்டு சொல்லிவிடாதீர்கள்.