வீட்டு பீர் போட்டிக்கு தடை போட்ட ஒரு வரிச் சட்டம்!

வாசல் தாண்டினால் குற்றமாம்! அமெரிக்க "சேலத்தில்" நடந்த கூத்து

அமெரிக்காவில் வீட்டிலேயே பீர் தயாரிக்கிறார்கள். அதை போட்டிக்கு கொண்டுபோய் பரிசும் வாங்குகிறார்கள். நம்ம ஊர் கோலப் போட்டி, சமையல் போட்டி மாதிரி அங்கே அது சகஜம்.

ஆனால் 2010-ம் ஆண்டில் ஒரு மாநிலத்தில் அந்தப் போட்டி திடீர் என்று ரத்து ஆனது.

யாரும் குடித்துவிட்டு ரகளை செய்யவில்லை. பீர் குடித்து யாருக்கும் வாந்தி பேதி வரவில்லை. சட்டப் புத்தகத்தில் பல காலமாக தூங்கிக் கிடந்த ஒரு வரிதான் காரணம்!

இதுபற்றிய விவரம் வருமாறு:-

மாநிலப் பொருட்காட்சி

அமெரிக்காவின் மேற்குக் கரையில் உள்ளது ஆரிகன் மாநிலம். அதன் தலைநகர் பெயரும் சேலம்தான்! (நம்ம மாம்பழ சேலத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.)

அங்கே ஆண்டுதோறும் ஆகஸ்டு கடைசியில் மாநிலப் பொருட்காட்சி நடக்கும். ஆடு, மாடு, காய்கறி, கேக், ஊறுகாய் என்று எல்லாவற்றுக்கும் போட்டி உண்டு. வீட்டு பீருக்கும் பல ஆண்டுகளாக போட்டி நடந்து வந்தது.

2010-ம் ஆண்டில் மாநில அரசின் சட்ட இலாகா ஒரு குண்டைத் தூக்கிப் போட்டது. "வீட்டில் தயாரித்த பீரை வீட்டில்தான் குடிக்கலாம் என்று மாநிலச் சட்டம் சொல்கிறது. வெளியே கொண்டு வருவது சட்ட விரோதம்" என்பதே அது கண்ட அர்த்தம்.

அவ்வளவுதான்! பொருட்காட்சியில் பீர் போட்டி ரத்து. பீர் சங்கத்தினர் திகைத்துப் போனார்கள்.

நண்பர் வீட்டு விருந்துக்கு இரண்டு பாட்டில் எடுத்துப் போனால்? அதுவும் குற்றம்தான். சங்கக் கூட்டத்தில் ஆளுக்கு ஒரு மடக்கு ருசி பார்த்தால்? அதுவும் குற்றம்தான். நேற்றுவரை பரிசுக் கோப்பை வாங்கியவர்கள், ஒரே நாளில் சட்டத்தை மீறியவர்கள் ஆகிவிட்டார்கள்!

மத்திய சர்க்கார் சொன்னது என்ன?

வேடிக்கை என்னவென்றால், மத்திய சர்க்கார் சட்டம் இதை அனுமதிக்கிறது.

அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு இருந்தது. அது நீங்கிய பிறகு வீட்டில் ஒயின் தயாரிக்க வழி செய்தார்கள். பீரை மட்டும் விட்டுவிட்டார்கள். 45 ஆண்டு காலம் வீட்டு பீர் திருட்டு சமாசாரமாகவே இருந்தது.

1978-ம் ஆண்டு அக்டோபர் 14-ந் தேதி ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டர் புதிய சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். அதன்படி வரி இல்லாமல் வீட்டில் பீர் தயாரிக்கலாம். பெரியவர் ஒருவர் உள்ள வீட்டுக்கு ஆண்டுக்கு 100 காலன் (சுமார் 378 லிட்டர்). இரண்டு பேரோ அதற்கு மேலோ இருந்தால் 200 காலன். ஆனால் ஒரு சொட்டுகூட விற்கக் கூடாது. சாராயம் வடிக்க அந்தச் சட்டம் அனுமதி தரவில்லை.

போட்டிக்கும், ருசி பார்க்கும் கூட்டத்துக்கும் வீட்டு பீரை வெளியே எடுத்துப் போகலாம் என்றும் மத்திய விதியில் தெளிவாக இருக்கிறது.

அப்படி இருக்க ஆரிகனில் எப்படி தடை?

மதுவிலக்கை நீக்கியபோதே, மது விஷயத்தில் மாநிலங்களுக்கு அதிக அதிகாரம் கொடுத்துவிட்டார்கள். மத்திய சர்க்கார் "சரி" என்று சொன்னாலும், மாநிலம் "கூடாது" என்றால் கூடாதுதான். அலபாமா, மிசிசிப்பி ஆகிய 2 மாநிலங்களில் வீட்டு பீருக்கு 2013-ம் ஆண்டில்தான் அனுமதி கிடைத்தது. கார்ட்டர் கையெழுத்துப் போட்டு 35 ஆண்டு கழித்து!

50 மார்க் பரீட்சை

"ஒரு பீர் போட்டி நின்றுபோனால் குடியா முழுகிவிடும்?" என்று கேட்கலாம்.

போட்டி நடக்கும் முறையைப் பார்த்தால் விஷயம் புரியும்.

பாட்டிலில் பெயர் இருக்கக் கூடாது. லேபிள் கூடாது. நம்பர் எழுதிய சீட்டை ரப்பர் பேண்டு போட்டு மாட்டித் தர வேண்டும். யார் வீட்டுச் சரக்கு என்று நடுவருக்குத் தெரியாது.

மொத்தம் 50 மார்க். வாசனைக்கு 12, பார்வைக்கு 3, ருசிக்கு 20, வாயில் படும் பக்குவத்துக்கு 5, மொத்த அபிப்பிராயத்துக்கு 10. 45-க்கு மேல் வாங்கினால் அபாரம். 13-க்குக் கீழே போனால் தயாரிப்பிலேயே பெரிய கோளாறு என்று அர்த்தம்.

மார்க்கோடு விடமாட்டார்கள். குறையையும் எழுதித் தருவார்கள். வெண்ணெய் வாடை வந்தால், ஈஸ்ட் தன் வேலையை முடிக்கவில்லை. நனைந்த அட்டை வாடை அடித்தால், காற்று புகுந்துவிட்டது. குமட்டும் நாற்றம் வந்தால், பாட்டில் வெயிலில் இருந்திருக்கிறது.

இதை நண்பர்கள் சொல்வார்களா? ஓசியில் குடிப்பவன் "பிரமாதம்" என்றுதான் சொல்வான்! உள்ளதைச் சொல்ல முகம் தெரியாத ஆள் வேண்டும். போட்டிக்கு மதிப்பே அதில்தான்.

பிழைப்பும் இருக்கிறது

பொழுதுபோக்கோடு இது நிற்கவில்லை. 1970-களின் கடைசியில் அமெரிக்கா முழுக்க பீர் ஆலைகள் 100-க்கும் குறைவு. இப்போது 9 ஆயிரத்துக்கும் மேல். புதிதாக ஆலை வைத்தவர்களில் பலர், வீட்டு அடுப்பில் தொழில் பழகியவர்கள். கலிபோர்னியாவில் "சியரா நெவாடா" ஆலையை ஆரம்பித்த கென் கிராஸ்மேன், அதற்கு முன்பு வீட்டு பீருக்கான சாமான் கடை வைத்திருந்தவர்தான்.

ஆக, வீட்டு பீர் வாசலைத் தாண்டக் கூடாது என்றால், நாளைய தொழிலாளியும் முதலாளியும் வாசலைத் தாண்ட முடியாது. பீர் ஆலைகளுக்குப் பேர் போன ஆரிகனிலேயே இப்படி நடந்ததுதான் வினோதம்.

வரியை மாற்றினார்கள்

பீர் சங்கத்தினர் சும்மா இருக்கவில்லை. சட்டசபை உறுப்பினர்களைப் பார்த்துப் பேசினார்கள். 2011-ம் ஆண்டில் மசோதா வந்தது. கவர்னர் ஜான் கிட்சாபர் கையெழுத்துப் போட்டார். வீட்டு பீரை போட்டிக்கும் சங்கக் கூட்டத்துக்கும் எடுத்துப் போக வழி பிறந்தது. விற்பனைக்குத் தடை மட்டும் அப்படியே நீடித்தது.

இதில் யார் மீது தப்பு?

சட்ட இலாகா மீது சொல்ல முடியாது. எழுதி இருந்ததை அது படித்துச் சொன்னது. போட்டி நடத்தியவர்கள் மீதும் முழுத் தப்பு இல்லை. "வருடா வருடம் நடக்கிறது, யாரும் கேட்கவில்லை" என்று இருந்துவிட்டார்கள்.

அங்கேதான் ஆபத்து! யாரும் கேட்காமல் இருப்பது வேறு. அனுமதி இருப்பது வேறு. நடைபாதையில் கடை போட்டவருக்கும், லைசென்சை புதுப்பிக்காமல் தொழில் நடத்துபவருக்கும் இது நன்றாகவே தெரியும். பத்து வருடம் கண்டுகொள்ளாத அதிகாரி, பதினோராவது வருடம் சட்டப் புத்தகத்தோடு வந்து நிற்பார். அப்போது "வழக்கமா நடக்குது சார்" என்ற பதில் செல்லாது.

விற்பவனைப் பிடிக்க வலை பின்னினால், ருசி பார்க்கக் கொடுப்பவனும் மாட்டுகிறான். எது வியாபாரம், எது பழக்கம் என்று சட்டமே கோடு கிழித்துக் காட்ட வேண்டும். ஆரிகனில் ஓர் ஆண்டுக்குள் அந்தக் கோட்டைக் கிழித்தார்கள். அதைப் பாராட்டத்தான் வேண்டும்.

இங்கே வேண்டாம் விபரீதம்!

கடைசியாக ஒன்று. இதைப் படித்துவிட்டு யாரும் வீட்டில் பானை ஏற்ற வேண்டாம்! தமிழ்நாட்டில் 1937-ம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம் இன்றும் அமுலில் இருக்கிறது. லைசென்ஸ் இல்லாமல் மது தயாரித்தால் கம்பி எண்ண வேண்டும்.

"அப்போ அங்கே மட்டும் ஆள் சாகலையா?" என்று டீக்கடையில் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. பீர், முளைகட்டிய பார்லியை ஊறவைத்து, காய்ச்சி, ஈஸ்ட் போட்டு புளிக்க வைப்பது. 2024-ம் ஆண்டு கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டவர்களின் உயிரைக் குடித்தது மெத்தனால் கலந்த விஷச் சாராயம். இரண்டும் ஒன்றல்ல.

அங்கே பாட்டிலைத் திறந்து நடுவர் மோந்து பார்க்கிறார். கோளாறு இருந்தால் எழுதித் தருகிறார். கள்ளச்சாராயத்துக்கு நடுவர் கிடையாது. குடித்தவன் உடம்புதான் பரீட்சைக் கூடம்!