ஆயாவின் சேலையில் தொப்பி கிடையாது

கோலாலம்பூரில் கைவினைப் பொருட்கள் விற்கும் கடைக்காரர் ஒருவர் போன வருடம் என்னிடம் முப்பது தொப்பிகள் கேட்டார். எல்லாம் பழைய துணியில் தைத்த ஆறு துண்டுத் தொப்பிகள். விலை பேசி முடிந்த பிறகு ஒரு நிபந்தனை வைத்தார். ஒவ்வொரு தொப்பியிலும் ஒரு சின்ன அட்டை தொங்க வேண்டும், அட்டையில் ஒரு கதை இருக்க வேண்டும்.

"உங்க ஊரு தேயிலைத் தோட்டம்தானே? கொழுந்து எடுத்த பாட்டிங்களோட பழைய சேலையில தைச்சதுன்னு போட்டுடுங்க. ஆளுங்க அதுக்குத்தான் காசு கொடுப்பாங்க."

அது சேலை இல்லை, ஜப்பானிலிருந்து பண்டலில் வந்த ஜன்னல் திரை என்றேன். "யாரு போய்ப் பார்க்கப் போறா?" என்றார். நான் முடியாது என்றேன். முப்பது தொப்பியும் போயிற்று.

வீட்டில் பிழைக்கத் தெரியாதவள் என்றார்கள். அதில் எனக்கு வருத்தம் இல்லை, வாடகை கட்டுகிறவர்கள் அப்படித்தான் பேசுவார்கள். வருத்தம் என்னவென்றால், கவிதை கதை என்று எழுதுகிற என் நண்பர்களும் அதையேதான் சொன்னார்கள், கொஞ்சம் நல்ல வார்த்தைகளில். "அது ஒரு புனைவுதானே, அதுல என்ன தப்பு?" இந்தக் கட்டுரை அவர்களுக்கானது.

நான் திரிங்காப்பில் இருக்கிறேன். பிரிஞ்சாங்கிலிருந்து கியா பார்ம் தாண்டி வடக்கே வந்தால், மலைச்சரிவு முழுக்க பிளாஸ்டிக் கூரை போட்ட காய்கறித் தோட்டங்களாகத் தெரியும் ஊர் இது. சுற்றுலா வருகிறவர்கள் கியா பார்மோடு திரும்பிவிடுவார்கள். ஸ்ட்ராபெரி வடிவத்தில் ஒரு கம்பளித் தொப்பியை வாங்கி மாட்டிக்கொண்டு படம் எடுப்பார்கள். அந்தத் தொப்பியோடு நான் போட்டி போடுகிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆயா தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்தவர். அம்மா கல்யாணம் ஆகும்வரை அதே வேலை. நான் கடைவீட்டு மாடியில், மோட்டார் மாட்டிய பழைய தையல் மெஷினில் தொப்பி தைக்கிறேன்.

கடைக்காரரைத் திட்டுவதற்கு முன்னால் என் கணக்கையும் தீர்த்துவிட வேண்டும். நானும் ஒருமுறை அந்த அட்டையை எழுதியிருக்கிறேன். தொழில் தொடங்கிய புதிதில், பிரிஞ்சாங் பசார் மாலாமில் நாலு தொப்பிகளுக்கு, "தேயிலைத் தோட்டத்துப் பாட்டியின் சேலை" என்று. ஈப்போ பண்டல் கடையில் கிலோ கணக்கில் அள்ளிய பருத்தித் துணிதான் அது. இரண்டு உடனே விற்றன. மூன்றாவதை எடுத்துப் பார்த்தது அறுபது வயதைத் தாண்டிய ஒரு அம்மா. அட்டையை நிதானமாகப் படித்தார். துணியைத் திருப்பி உள்பக்கம் பார்த்தார்.

"எந்தத் தோட்டம்மா?"

ஏதோ ஒரு பெயர் சொன்னேன்.

"நான் அங்கதான் பொறந்தேன். எங்கம்மாவோட சேலைன்னு எங்கிட்ட ஒரு முந்தானை கூட இல்ல. உனக்கு எப்படிக் கிடைச்சிச்சு?"

கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டார். அப்படி ஒன்று எங்கேயாவது மிஞ்சியிருக்குமோ என்ற ஆசையில் கேட்டார். அன்றைக்கு நான் என்ன பதில் சொன்னேன் என்பது இங்கே வேண்டாம்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கேட்டேன். ஆயாவின் சேலை ஒன்றாவது இருக்கிறதா? இல்லை. கைலி? இல்லை. எங்கே போயின என்று கேட்டதற்கு அம்மா சிரித்தார். பிறகு சொன்னார். நல்ல சேலை கோயிலுக்கும் கல்யாணத்துக்கும். சாயம் மங்கியதும் அது வீட்டுக்கு உடுத்த. கிழிந்ததும் பாதியாக வெட்டி, நல்ல பாதி பிள்ளைக்கு ஏணை. மீதிப் பாதி மலைக்குப் போகும்போது தலையில் கட்டுகிற துண்டு. வெயிலுக்கும் பனிக்கும் செடியிலிருந்து விழும் பூச்சிக்கும் அதுதான் தொப்பி. ஏணைத் துணி நைந்ததும் பீத்துணி. தலைத்துண்டு நைந்ததும் அடுப்பில் சட்டி இறக்குகிற கரித்துணி. கரித்துணியும் போனால் திரி. விளக்கில் எரிந்துபோன ஒன்றை நான் எங்கிருந்து எடுத்து ஆறு துண்டாக வெட்டுவது?

கைலியும் அதே வழிதான். கோதுமை மாவு மூட்டைத் துணியில் பிள்ளைகளுக்குக் கால்சட்டை தைத்த வீடுகள் இந்த நாட்டில் எத்தனை! 1942 முதல் 1945 வரை ஜப்பான்காரன் காலத்தில் துணியே கிடைக்காமல் சாக்கைக் கட்டிக்கொண்ட கதையை மலாயாவில் எல்லா இனத்துக் கிழவர்களும் சொல்வார்கள். இன்றைக்கு நான் வெட்டுகிற துணி மூட்டை மூட்டையாக அதே ஜப்பானிலிருந்து வருகிறது. இதைத் தொப்பி அட்டையில் எழுதினால் யாராவது வாங்குவார்களா தெரியவில்லை.

வின்டேஜ் என்று ஒரு துணியைச் சொல்கிறோமே, அது எப்படி நம்மிடம் வந்தது என்று யோசித்துப் பாருங்கள். அதை உடுத்தியவருக்கு வேறு உடை இருந்தது. மடித்து வைக்க அலமாரி இருந்தது. நைவதற்கு முன்பே அலுத்துப்போகிற வசதியும் இருந்தது. அதனால்தான் அது முழுசாக நம் கைக்கு வருகிறது. பண்டல் கடையில் நான் கையை விட்டுத் துழாவுகிற ஒவ்வொரு சட்டையும் யாரோ ஒருவர் போதும் என்று விட்டது. லயத்து வீட்டில் எந்தத் துணியும் போதும் என்று விடப்படவில்லை. ஆக, தோட்டத்துப் பெண்ணின் நாற்பது வருடச் சேலை என்று சாயம் பளிச்சென்று, இழை திடமாக ஒன்று உங்கள் கைக்கு வந்தால், முதலில் சந்தேகப்படுங்கள்.

தைக்கிறவர்களுக்கு இது தத்துவம் இல்லை, அன்றாடக் கணக்கு. பண்டலிலிருந்து எடுத்ததும் துணியை விளக்குக்கு எதிரே பிடிப்பேன். அக்குள், முட்டி, உட்காரும் இடம் இதெல்லாம் கண்ணுக்கு நன்றாக இருக்கும், வெளிச்சத்தில் கொசுவலை மாதிரி தெரியும். அங்கே கத்தரி வைக்கக் கூடாது. அடுத்து இரண்டு கட்டைவிரலையும் பக்கத்தில் வைத்து, இழை ஓடும் திசையில் ஒரு இழு. மெல்லச் சரசரவென்று சத்தம் வந்தால் அந்தத் துணி முடிந்தது. ஓரத்தில் நாலு நூலைப் பிடுங்கிக் கொளுத்துவேன். காகிதம் எரிகிற வாசனையோடு சாம்பலானால் பருத்தி, உருகி மணியாக உருண்டால் பாலியெஸ்டர். பாலியெஸ்டரை ஒதுக்குவது கொள்கைக்காக இல்லை. இந்த ஊர் ஈரத்தில் அது நெற்றியில் புழுங்கும்.

தலைச்சுற்று 58 சென்டிமீட்டர் என்றால் ஆறு துண்டில் ஒவ்வொன்றின் அடியும் ஏறக்குறைய 9.7. தையலுக்கு இரண்டு பக்கமும் ஒரு சென்டிமீட்டர் விட வேண்டும். தையல் ஒவ்வொரு ஓரத்திலும் இரண்டே மில்லிமீட்டர் உள்ளே போனால் போதும், ஆறு தையலில் பன்னிரண்டு ஓரம், மொத்தம் 24 மில்லிமீட்டர். தொப்பி பெரியவர் தலையிலிருந்து பள்ளிப் பையன் தலைக்குப் போய்விடும். புதுத் துணி இந்தத் தவற்றைப் பொறுக்கும், பிரித்துத் தைக்கலாம். பழைய துணியைப் பிரித்தால் ஊசித் துளை அப்படியே நிற்கும். வெட்டுவதும் பிரிப்பதும் உள்பட்டை வைப்பதும் சேர்த்து ஒரு தொப்பிக்கு எனக்கு ஐந்து மணி நேரம். நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 2025 முதல் மாதம் 1,700 ரிங்கிட், மணிக்கு 8 ரிங்கிட் 17 சென். ஐந்து மணி நேரத்துக்கு 40 ரிங்கிட் 85 சென். கடைக்காரர் ஒரு தொப்பிக்குப் பேசியது 45. துணி, நூல், முன்விளிம்புக்குள் வைக்கும் பிளாஸ்டிக், ஈப்போ போய்வர எண்ணெய் எல்லாம் அந்த மீதி நாலு வெள்ளி சொச்சத்தில். கடையில் அது 160க்கு நின்றிருக்கும். பாட்டியின் பெயரால் ஏறும் விலையில் பாட்டிக்கும் ஒன்றும் இல்லை, பேத்திக்கும் ஒன்றும் இல்லை.

துணிக்குக் கதை கட்டி விற்பது நமக்குப் புதிதா என்றால் அதுவும் இல்லை. மெட்ராஸ் கட்டம் என்று உலகம் முழுக்கச் சொல்கிறார்களே, நம் தறிகளில் நெய்த அந்தத் துணி 1950களின் கடைசியில் அமெரிக்காவுக்குப் போனது. துவைத்தால் சாயம் ஓடி ஒரு நிறம் இன்னொன்றில் கலந்தது. வாங்கியவர்கள் சண்டைக்கு வர வேண்டிய விஷயம். விளம்பரக்காரர்கள் அதையே சிறப்பாக மாற்றினார்கள். சாயம் போகும் என்பதற்கே உத்தரவாதம் என்று விற்றார்கள், விற்றது. அந்தத் துணியில் சட்டையும் அரைக்கால் சட்டையும் தொப்பியும் வந்தன. அன்றைய பழைய துணியைத் தேடிப் பிடித்து இன்றும் தொப்பி தைக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஏற்றுமதி செய்தவர்களில் ஒருவரான கிருஷ்ணன் நாயர் பிறகு லீலா ஓட்டல்களைக் கட்டினார். நெய்தவர்கள் பெயர் எந்த அட்டையிலும் இல்லை.

எனக்கு உண்மையான கதை வேண்டாம் என்று யார் சொன்னது? கைலியையே எடுங்கள். மலாய்க்காரர்கள் அதைக் காயின் பெலிகாட் என்கிறார்கள். பெலிகாட் என்பது பழவேற்காடு. டச்சுக்காரர்கள் 1613இல் கோட்டை கட்டிய அதே பழவேற்காடு. அந்தக் கரையின் துணியைக் கொடுத்துத்தான் கிழக்கே தீவுகளில் வாசனைச் சரக்கு வாங்கினார்கள். தமிழ்க் கரையின் ஒரு ஊர்ப்பெயரை இந்த நாட்டு ஆண்கள் தினமும் இடுப்பில் கட்டிக்கொண்டு தூங்குகிறார்கள், நம்மில் பாதிப் பேருக்குத் தெரியாது. பண்டலில் பருத்திப் பெலிகாட் கிடைத்தால் நான் தொப்பி தைப்பேன், இதை எழுதியும் வைப்பேன். இப்போது வருவதில் நிறைய இந்தோனேசிய ஆலைத் துணி. அதையும் எழுதுவேன். இதைச் சொன்னபோது கடைக்காரர் கேட்டார்: "அதுல பாட்டி எங்க வர்றாங்க?"

நண்பர் ஒருவர் போரோவைக் காட்டி மடக்கப் பார்த்தார். நல்ல வாதம்தான், அதனால் சொல்கிறேன். ஜப்பானின் வடக்கே அவோமோரிப் பக்கம் குளிரில் பருத்தி விளையாது. ஏழை விவசாயிகள் சணல் வகை நாரில் நெய்த துணிமேல், கிடைத்த துண்டையெல்லாம் ஒட்டுப்போட்டுத் தலைமுறை தலைமுறையாக உடுத்தினார்கள். அந்தக் கந்தல்தான் போரோ. வசதி இல்லாதவர்களின் துணியும் மிஞ்சியிருக்கிறதே என்றார். மிஞ்சியது, ஏனென்றால் தனாகா சூசாபுரோ என்ற ஒரு மனிதர் வீடு வீடாகப் போய்ச் சேகரித்தார். வைத்திருந்தவர்களுக்கே அதைக் காட்ட வெட்கம். அவர் சேகரித்ததை வைத்துத் தோக்கியோவின் அசாகுசாவில் 2009 முதல் பத்து வருடம் ஒரு அருங்காட்சியகமே நடந்தது. நம் லயங்களுக்கு அப்படி யார் வந்தார்கள்? ஆயாவின் கரித்துணியை, அது கரித்துணியாக இருக்கும்போதே, யாரும் வந்து கேட்கவில்லை. கேட்காமல் விட்டுவிட்டு, இப்போது பண்டல் துணியை எடுத்து அவர் இடத்தில் வைக்கிறோம். இல்லாததை இல்லை என்று வைத்தால்தானே, என்ன போயிற்று என்று நாளைக்கு ஒருவருக்காவது தெரியும்?

இனி புனைவு. நண்பர்களே, உங்கள் தோட்டத்துக் கதைகளைப் படித்துக்கொண்டுதான் இருக்கிறேன். பெரட்டு, கங்காணி, முனியாண்டி கோயில், கள்ளுக்கடை, பின்னால் ஓர் ஒற்றை மின்கம்பம். தோட்டத்தில் ஒருநாள் தங்காதவர்கள்கூட எழுதுகிறார்கள். எழுதட்டும், அதற்குப் பெயர்தான் கற்பனை. படிக்கிறவருக்கும் அது கதை என்று தெரியும். ஆனால் அட்டையைப் படிக்கிறவர் அதைக் கதை என்று படிப்பதில்லை. அந்த அம்மா அப்படிப் படிக்கவில்லை. அவர் தன் தாயின் சேலையைத் தேடினார். பொய்க்குப் புனைவு என்று பெயர் வைத்து உங்கள் தொழிலையும் சேர்த்துக் கெடுக்காதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

இன்னொன்றும் இருக்கிறது. கொழுந்து எடுக்கிற பாட்டி என்று அட்டையில் போடுகிறோமே, இன்றைக்கு மலையில் போய்ப் பாருங்கள். தேயிலையிலும் காய்கறித் தோட்டத்திலும் நிற்பது பெரும்பாலும் வங்காளதேசத்து, நேபாளத்துப் பையன்கள். கையில் கத்தரி அல்லது இரண்டு பேர் தூக்குகிற வெட்டு மெஷின். தலையில் பூச்சிமருந்துக் கம்பெனி இலவசமாகக் கொடுத்த தொப்பி, முன்னால் கம்பெனிப் பெயரோடு. நம் பாட்டிக்கு ஏங்குகிற யாரும் அந்தத் தொப்பியைப் பற்றி ஒரு வரி எழுதி நான் பார்க்கவில்லை. நானும் ரொம்ப நாள் பார்க்காமல்தான் இருந்தேன்.

இரண்டு மாதம் முன்பு, கீழே கோஸ் தோட்டத்தில் வேலை செய்கிற ஒருவர் மாடிக்கு ஏறி வந்தார், வங்காளதேசத்துக்காரர். கையில் ஒரு பழைய லுங்கி. ஊரிலிருந்து கொண்டு வந்ததாம். இதில் ஒரு தொப்பி தைக்க முடியுமா என்று மலாயில் கேட்டார். விளக்குக்கு எதிரே பிடித்தேன். முழுக்க நட்சத்திரம். இழுத்துப் பார்க்கவே பயமாக இருந்தது. எங்கே தேடியும் ஒரு துண்டுக்கு வேண்டிய அகலம் தேறவில்லை. பூச்சிமருந்து வாசம் வேறு, மூன்று தண்ணீர் அலசியும் போகவில்லை. கடைசியில் தொப்பியின் உச்சியில் வைக்கும் பட்டனை மூடுகிற அளவுக்கு, ஐந்து காசு அகலத்தில் ஒரு வட்டம் கிடைத்தது. மற்ற ஆறு துண்டும் ஜப்பான் திரைத்துணி. எது எந்தத் துணி என்று காட்டிச் சொன்னேன். பட்டனை விரலால் தடவிப் பார்த்துவிட்டு இருபது வெள்ளி கொடுத்தார், நான் கேட்டது அவ்வளவுதான்.

போன வாரம் மறுபடி வந்திருந்தார். காலையில் பனி அதிகம், காதை மூடுகிற மாதிரி ஒன்று வேண்டுமாம். கூடத் தங்கியிருக்கிற நாலு பேருக்கும் சேர்த்து. ஞாயிற்றுக்கிழமை சிம்பாங் பூலாய் வழியாக ஈப்போவுக்கு இறங்க வேண்டும், பண்டலில் பிளானல் சட்டை வந்திருக்கிறதா பார்க்க.