பூட்டிய போனுக்கு எத்தனை புள்ளி?

மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2024 செப்டம்பரில் துறை அதிகாரி பரத் கேரா தலைமையில் அமைத்த குழு, மொபைல்களுக்கான பழுதுநீக்கக் குறியீடு பற்றிய அறிக்கையை 2025 மே மாதம் கொடுத்தது. கழற்றும் ஆழம், சர்வீஸ் தகவல், ஸ்பேர் கிடைக்கும் வேகம், அதன் விலை, தேவைப்படும் கருவிகள், சாஃப்ட்வேர் அப்டேட் ஆகியவற்றைப் பார்த்து ஐந்துக்கு இத்தனை என்று புள்ளி. அது கடையிலும் ஆன்லைனிலும் தெரியவேண்டும். பேட்டரி, டிஸ்ப்ளே, கேமரா, சார்ஜிங் போர்ட் எனச் சென்னை ரிச்சி தெருவில் தினமும் கைமாறும் பாகங்களே முன்னுரிமைப் பட்டியலிலும் உள்ளன. வரவேற்கவேண்டிய அறிக்கைதான்.

ஆனால் புள்ளி போட்டுக்கொள்ளப் போவது தயாரிப்பு நிறுவனமே.

அதைவிடப் பெரிய குறை, அந்தத் தலைப்புகளில் பார்ட்ஸ் பேரிங், அதாவது பாகத்தை ஒரே போனோடு சாஃப்ட்வேரால் பூட்டிவைப்பது, தனியாக இடம்பெறாதது. 2021-இல் ஐஃபோன் 13 வந்தபோது பட்ட பாடு டெக்னீஷியன்களுக்கு மறந்திருக்காது. இன்னொரு ஐஃபோன் 13-இன் ஒரிஜினல் டிஸ்ப்ளேவையே மாட்டினாலும் ஃபேஸ் ஐடி நின்றுபோனது. பழைய டிஸ்ப்ளேயின் சிப்பை மைக்ரோஸ்கோப்பின் கீழ் பெயர்த்துப் புதியதில் வைக்கத் தெரிந்தவர்களே தப்பித்தார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் ஐஓஎஸ் 15.2-இல் ஆப்பிள் அந்தத் தடையை எடுத்துவிட்டது. ஒரு அப்டேட்டில் நீங்குகிற தடை, கம்பெனி வேண்டுமென்றே வைத்த தடைதானே! அதே மாடலை 2022-இல் ஸ்ரீபெரும்புதூர் பாக்ஸ்கானில் தயாரிக்கத் தொடங்கினார்கள். பக்கத்து ஊரில் தயாராகும் போனைத் தி.நகர்க் கடைக்காரர் சரிசெய்யக் கம்பெனியின் சம்மதம் வேண்டியிருக்கிறது.

ஐஃபோனில் பேட்டரி மாற்றியதும் செட்டிங்ஸில் எச்சரிக்கை வருகிறது. ‘டூப்ளிகேட் போட்டுட்டீங்களா?’ என்று வாடிக்கையாளர் கேட்கிறார். மயிலாப்பூரிலும் அடையாறிலும் வருடக்கணக்கில் கடை வைத்து, நல்ல செல் மட்டுமே போடுபவருக்கும் இந்தப் பேச்சுதான். இதற்கு எந்த அலுவலகத்தில் மனு கொடுப்பது? 2022 டிசம்பரில் பழுதுநீக்கும் உரிமைக்கென்று இணையதளம் திறந்தார்கள், சட்டம் கொண்டுவரவில்லை. அமெரிக்காவின் ஆரிகன் மாநிலம் 2025 ஜனவரி 1-க்குப் பின் தயாரான கருவிகளில் பேரிங்கைத் தடைசெய்துவிட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல், மாடல் சந்தைக்கு வருவது நின்றபிறகும் ஏழு ஆண்டுகள் ஸ்பேர் தரவேண்டும். இங்கே மட்டும் கம்பெனிகளுக்குக் கூடுதல் சுமை வந்துவிடக்கூடாதே என்ற கவலை. கடைக்காரரின் சுமையை எந்த அதிகாரி எடைபோட்டார்?

பேரிங் உள்ள எந்த மாடலுக்கும் ஐந்தில் இரண்டு புள்ளிக்கு மேல் கொடுக்கக்கூடாது. புள்ளியை வெளி ஆய்வகம் சரிபார்க்கவேண்டும். இவை இவ்விதழின் கோரிக்கைகள். பாகம் மாற்றியபின் எந்த மாடலில் என்ன எச்சரிக்கை வந்தது, எந்த வசதி நின்றது என்று வாசகர்கள் இந்த மாதம் குறித்துவைத்து, ஸ்கிரீன்ஷாட்டோடு நுகர்வோர் விவகாரத் துறைக்கு அனுப்பவேண்டும். ஒரு நகல் இங்கேயும் வரட்டும்.